அரைப் பாலாடை சர்க்கரைத் தண்ணீர்

நான் ஓய்வு பெற்று எட்டு மாதம் ஆகிறது. இதற்குள் ஆய்வகத்திலிருந்து பதினான்கு முறை கூப்பிட்டுவிட்டார்கள். பதின்மூன்று முறை சாவி, பதிவேடு, அலமாரி பற்றித்தான். பதினான்காவது முறை கூப்பிட்ட ஜெயந்தி வேறு ஒன்று கேட்டாள். எனக்குப் பிறகு காலைப் பணியைப் பார்த்துக்கொள்பவள் அவள்.

“சார், நம்ம செவுத்துல ஒரு தாள் ஒட்டி வச்சிட்டுப் போனீங்களே, டாக்டரைக் கேக்காம எந்தக் குழந்தைக்கும் சர்க்கரைத் தண்ணி குடுக்கக் கூடாதுன்னு. புதுசா வந்திருக்கிற டாக்டரு சிரிக்கிறாரு. ஊசி வலி தெரியாம இருக்க எல்லா ஊர்லயும் அதத்தான் குடுக்கச் சொல்றாங்களாம். கிழிச்சிடலாமான்னு கேக்கறாரு.”

“கிழிக்காதே,” என்றேன்.

“ஏன்னு கேட்டா இன்னா சார் சொல்றது?”

தொலைபேசியில் சொல்ல வரவில்லை. எழுதித் தருகிறேன் என்றேன். நம் ஆய்வகப் பணியாளர் சங்கத்து மலருக்கும் ஏதாவது எழுதச் சொல்லி மூன்று கடிதம் வந்திருக்கிறது. ஆகவே இது இருவருக்கும் சேர்த்து.

என் படிப்பைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேதியியலில் பட்டம், ஒரு வருட ஆய்வகப் பயிற்சி, இருபத்துநான்கு வயதில் வேலை. முதல் பதினோரு ஆண்டுகள் பெரியவர்களின் ரத்தமும் சிறுநீரும். அடுத்த இருபத்தைந்து ஆண்டுகள் குழந்தைகள் வார்டை ஒட்டிய சிறிய ஆய்வகம். பெரியவர்களிடம் பத்து மில்லி ரத்தம் எடுத்துப் பழகியவனுக்கு, நான்கு துளியில் நான்கு சோதனை செய்யக் கற்றுக்கொள்ளவே இரண்டு ஆண்டுகள் பிடித்தன.

கற்றுக்கொடுத்தவர் டாக்டர் பிலோமின். எங்கள் துறைத் தலைவி. நகரத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பிரெஞ்சுப் பள்ளியில் படித்தவர். யாரையும் ஒருமையில் அழைக்கமாட்டார், துடைப்பம் பிடிப்பவரைக்கூட. ஒரு முடிவைக் கொண்டுபோய்க் கொடுத்தால் முதலில் “எத்தனை?” என்பார். எத்தனை முறை செய்தீர்கள், எத்தனை சாம்பிள் பார்த்தீர்கள் என்று அர்த்தம். சொன்னால் “அப்புறம்?” என்பார். திருப்தி வந்தால் “பியேன்” என்று ஒரு சொல். பிரெஞ்சில் ‘நல்லது’. அந்த ஒரு சொல்லுக்காக நான் பல சோதனைகளை மூன்று முறை செய்திருக்கிறேன். கையெழுத்துப் போட்ட தாளை மட்டும் வைத்து அவர் எதையும் நம்பமாட்டார்; சோதனைக் குழாயையே கொண்டுவரச் சொல்லி, கடல் பக்கத்து ஜன்னலோரம் நின்று பகல் வெளிச்சத்தில் பார்ப்பார்.

இனி சர்க்கரைத் தண்ணீர். அதை எங்கள் வார்டில் ஆரம்பித்தவனே நான்தான். பச்சைக் குழந்தையின் குதிகாலில் குத்தி ரத்தம் எடுப்பது என் வேலை. குதிகாலை வெந்நீர்த் துணியால் மூன்று நிமிடம் சூடாக்க வேண்டும். நடுவில் குத்தக் கூடாது, ஓரத்தில் குத்த வேண்டும். முதல் துளியைத் துடைத்துவிட வேண்டும். இவ்வளவும் ஒழுங்காகச் செய்தாலும் குழந்தை அழும். அழுதால் ரத்தம் சரியாக வராது. அதனால் ஒரு வழி கண்டுபிடித்தேன். காலையில் என் மனைவி வெந்நீரில் இரண்டு கரண்டி சர்க்கரை கரைத்து ஒரு சிறிய பாட்டிலில் ஊற்றித் தருவாள். குத்துவதற்கு முன், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடையில் பாதி ஊற்றி, அதன் மூக்கைக் குழந்தையின் வாய் ஓரத்தில் வைப்பேன். குழந்தை சப்புக்கொட்டிக்கொண்டிருக்கும்போதே வேலை முடிந்துவிடும்.

“நாங்க கிட்டப் போனா கத்துதுங்க, கோதண்டம் சார் போனா வாயத் தொறக்குதுங்க,” என்று நர்சுகள் கிண்டல் செய்வார்கள். எனக்கு அது பெருமையாகத்தான் இருந்தது.

சுனாமி வந்துபோன அடுத்த மழைக்காலத்தில், மூலக்குளத்துக்கு அப்பால் ஒரு கிராமத்திலிருந்து செல்வராணி என்ற பெண் ஐந்தரை மாதப் பெண்குழந்தையோடு வந்து சேர்ந்தாள். குடும்பத்துக்குக் கொஞ்சம் நிலம் உண்டு. கணவன் ஏழுமலை டவுனில் டைல்ஸ் பதிக்கும் வேலைக்கு வந்துபோகிறவன். அவளுக்குச் சொந்த அத்தை மகன். அந்த அத்தை பச்சையம்மாள்தான் மாமியார், கூடவே வந்திருந்தாள்.

சீட்டில் குழந்தையின் பெயர் குப்பு என்று இருந்தது. இரண்டு ஆண்டுகளுக்கு முன் முதல் பிள்ளை, ஆண், ஏழாம் மாதத்தில் ஈரல் கெட்டு இறந்திருக்கிறான். இதே வார்டில். அதனால் இவளைக் குப்பைமேட்டில் புரட்டி எடுத்து அந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள், எமனுக்கு வேண்டாத பிள்ளையாக இருக்கட்டும் என்று.

ஐந்து மாதம் வரை தாய்ப்பாலில் நன்றாக வளர்ந்தவள். பால் போதவில்லை என்று சர்க்கரை போட்ட மாட்டுப்பால், மசித்த வாழைப்பழம் கொடுக்கத் தொடங்கியதிலிருந்து வாந்தி. பிறகு கண் மஞ்சள், வயிறு உப்பல், குத்திய இடத்தில் ரத்தம் நிற்காமை. திடீர் திடீரென்று ரத்தத்தில் சர்க்கரை இறங்கித் துவண்டுபோவாள். டாக்டர் பிலோமின் மற்ற உணவையெல்லாம் நிறுத்தி, தாய்ப்பாலும் குளுக்கோஸ் டிரிப்பும் மட்டும் என்றார். இரண்டு நாளில் தேறியிருக்க வேண்டும். தேறவில்லை. கூட ஒரு வைட்டமின் சிரப் எழுதினார்கள். இன்னும் மோசமானாள்.

பச்சையம்மாள் வார்டில் எல்லோர் முன்னாலும் சொன்னாள்: “எங்க வூட்டுப் புள்ளைங்கள இவ பாலுதான் சாவடிக்குது. மொதல்ல அவன். இப்ப இது. இங்க வந்தும் இவ பாலத்தான் குடுக்கச் சொல்றாங்க, பாத்தீங்களா, எப்படிக் கெடக்குதுன்னு. பாலை நிறுத்திப்புட்டு எங்கிட்ட குடுங்க. எங்க ஊருப் பக்கம் ஒருத்தரு தேன்ல கொழச்சி மருந்து குடுக்கறாரு. நான் காப்பாத்திக்கிறேன்.”

செல்வராணி முந்தானைக்குள் குழந்தையை இழுத்துக்கொண்டாள். ஏழுமலை ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தான். குழந்தை தாயிடமிருந்து மாமியார் கைக்குப் போய்விடும் என்பது எனக்கே தெரிந்தது. போனால் என்ன ஆகும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

அந்தக் குழந்தையின் சிறுநீரைத் தினமும் நான்தான் சோதித்தேன். மூன்று ஆண்டுகளாக எங்களுக்கு ஸ்ட்ரிப் வந்துகொண்டிருந்தது. சிறுநீரில் நனைத்து எடுத்தால் நிறம் சொல்லிவிடும், அரை நிமிட வேலை. முதல் நான்கு நாளும் ‘சர்க்கரை: இல்லை’ என்று எழுதினேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். மற்ற குழந்தைகள் பாலாடையைக் கண்டால் வாயைத் திறக்கும். இந்தக் குழந்தை மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சர்க்கரை இறங்குகிறதா என்று பார்க்க ஒரு பகலில் மூன்று முறை குத்த வேண்டியிருந்தது: எட்டரை, பன்னிரண்டு, நான்கு. மூன்று முறையும் முகத்தைத் திருப்பினாள். பிடிவாதக்காரி என்று நினைத்தேன். கன்னத்தைத் தட்டி, தொண்டையை மெதுவாக நீவிவிட்டு, விழுங்க வைத்தேன். பிறகுதான் குத்தினேன்.

ஐந்தாம் நாள் ஸ்ட்ரிப் தீர்ந்துபோனது. கேட்டு எழுதிய பெட்டி வரவில்லை. எரிச்சலோடு பழையபடி பெனடிக்ட் கரைசலை எடுத்தேன். ஐந்து மில்லி நீலக் கரைசல், எட்டுச் சொட்டு சிறுநீர், இரண்டு நிமிடம் கொதி. சர்க்கரை இல்லையென்றால் நீலமாகவே நிற்கும். இருந்தால் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, கடைசியில் செங்கல் நிறம். குப்புவின் பத்து மணிக் குழாய் செங்கல் நிறமானது.

டிரிப்பிலிருந்து வழிகிறது என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் ரத்தத்தில் சர்க்கரை நாற்பத்தொன்றுதான் இருந்தது. ரத்தத்தில் அவ்வளவு குறைவாக இருக்கும்போது சிறுநீரில் வழிய வழியில்லை. கரைசல் கெட்டிருக்குமோ என்று என் சிறுநீரை வைத்துப் பார்த்தேன். நீலம். மனது கேட்கவில்லை. அன்றும் மறுநாளும் வந்த ஒவ்வொரு சாம்பிளையும் செய்து நேரத்தோடு எழுதினேன். பக்கத்து ஆய்வகத்தில் கெஞ்சி இரண்டு ஸ்ட்ரிப் வாங்கி, செங்கல் நிறம் வந்த அதே சிறுநீரில் நனைத்தேன். இல்லை என்றது. அப்போதுதான் பெட்டியின் மேல் எப்போதோ படித்தது நினைவுக்கு வந்தது: இந்த ஸ்ட்ரிப் குளுக்கோஸ் என்ற ஒரே ஒரு சர்க்கரையை மட்டும் காட்டும். வேறு சர்க்கரை எவ்வளவு இருந்தாலும் காட்டாது. படித்திருக்கிறேன். படித்துவிட்டு நான்கு நாள் ‘குளுக்கோஸ் இல்லை’ என்று எழுதாமல் ‘சர்க்கரை இல்லை’ என்று எழுதியிருக்கிறேன்.

குழாய்களைத் தாங்கியில் அடுக்கிக்கொண்டு டாக்டர் பிலோமினிடம் போனேன். அவர் ஜன்னலோரம் எடுத்துப்போய் ஒவ்வொன்றாகப் பார்த்தார்.

“எத்தனை?”

“ஒம்பதும்மா. அஞ்சு செங்கல் நெறம், நாலு நீலம். ஸ்ட்ரிப் ரெண்டுதான் கெடச்சுது, செங்கல் நெறம் வந்ததுல நனைச்சேன், ரெண்டுமே இல்லைன்னுது.”

“அப்புறம்?”

“காலையில ஆறு மணி, எட்டு மணி சாம்பிள் ரெண்டு நாளும் நீலம். பத்து மணிக்கு மேல வந்ததெல்லாம் செகப்பு.”

அவர் தாளைக் கையில் வாங்கிக்கொண்டார். “எட்டுக்கும் பத்துக்கும் நடுவுல அந்தக் குழந்தைக்கு என்ன நடக்குது கோதண்டம்?”

“ஒண்ணும் இல்லம்மா. தாய்ப்பால்தான். அது ராத்திரியும் குடிக்குது. ஒம்பது மணிக்கு சிரப். அதுக்கு முன்னாடி நான் போய் ரத்தம் எடுக்கறேன்.”

“எப்படி எடுக்கறீங்க? ஒண்ணுவிடாம சொல்லுங்க.”

எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேல் செய்கிற வேலை. ஒப்பித்தேன்.

“துணிய வெந்நீர்ல நனைச்சுப் பிழியறேன். குதிகால்ல மூணு நிமிஷம் சுத்தி வைக்கிறேன். கையக் கழுவறேன். பாலாடையில பாதி அளவு சர்க்கரைத்…”

நின்றுவிட்டேன். வெளியே மழை பெய்துகொண்டிருந்தது. சட்டைப்பையில் அந்த பாட்டில் இருந்தது. எடுத்து அவர் மேசைமேல் வைத்தேன். ஒரு நாளைக்கு மூன்று, ஆறு நாளில் பதினெட்டு. பதினெட்டு அரைப் பாலாடை.

அவர் என்னைத் திட்டவில்லை. நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார். அவர் அறையில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஒரு தாளில் படம் போட்டுக் காட்டினார். நாம் போடும் வெள்ளைச் சர்க்கரை வயிற்றில் இரண்டாக உடைகிறது: ஒன்று குளுக்கோஸ், இன்னொன்று பழச்சர்க்கரை. பழத்திலும் தேனிலும் இருப்பது அதுதான். அதை உடைக்க ஈரலில் ஒரு நொதி வேண்டும். லட்சத்தில் ஏதோ ஒரு குழந்தைக்கு அது பிறவியிலேயே இருக்காது. பழச்சர்க்கரை பாதியில் நின்று ஈரலைக் கெடுக்கும்; ஈரல் தன்னிடமுள்ள குளுக்கோஸை ரத்தத்துக்கு விடாமல் தடுக்கும். இனிப்புக் கொடுக்கக் கொடுக்க ரத்தத்தில் சர்க்கரை இறங்கும். தாய்ப்பாலில் பழச்சர்க்கரை கிடையாது. அந்தக் குழந்தைக்கு ஆகிய ஒரே உணவைத்தான் பச்சையம்மாள் நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“சிரப்புலயும் சர்க்கரைதான், அது நாங்க எழுதினது,” என்றார் டாக்டர். “உங்க பாட்டில் மட்டும் இல்ல.”

அன்று மாலையிலிருந்து இரண்டும் நின்றன. வாந்தி மூன்றாம் நாள் நின்றது. ஒரு வாரத்தில் டிரிப்பை எடுத்தார்கள். என் பதிவேட்டில் நீலம், நீலம், நீலம் என்று இருபத்தாறு வரி.

ஆனால் பச்சையம்மாள் நம்பவில்லை. “சக்கரை எப்படி வெஷமாவும்? கோயில்ல குடுக்கறதே சக்கரப் பொங்கலு. டிரிப்பு ஏத்தனாங்க, எழுந்திரிச்சிக்கிச்சி. வூட்டுக்குப் போயி இவ பாலக் குடிச்சா திரும்பவும் படுத்துக்கும். ஒரு சொட்டுத் தேனால இன்னா ஆயிடப் போவுது?” ஏழுமலை வாயைத் திறந்து டாக்டரிடம் கேட்டது ஒன்றுதான்: “இதுதான்னு ரூபமா தெரியுங்களாம்மா?”

ரூபமாகக் காட்ட அப்போது மூன்று வழிகள். ஒன்று, பழச்சர்க்கரையை ஊசியில் ஏற்றிக் குழந்தை துவள்கிறதா என்று பார்ப்பது. இரண்டு, ஈரலில் ஊசி செருகிச் சின்னத் துண்டு எடுப்பது. ஈரல் கெட்டு ரத்தம் உறையாத குழந்தைக்கு இரண்டுமே முடியாது என்றார் டாக்டர். மூன்றாவது, அந்த நொதியைச் செய்யச் சொல்லும் மரபணுவை எழுத்தெழுத்தாகப் படிப்பது. அதை இங்கே பக்கத்தில் யாரும் செய்வதாக அவருக்குத் தெரியவில்லை. பிரான்சில் ஒரு ஆய்வகத்தில் அவருடைய பழைய வகுப்புத் தோழி செய்துகொண்டிருந்தார். “தாய், தகப்பன், குழந்தை, மூணு பேர் ரத்தமும் வேணும். காகிதத்துல காய வச்சு அனுப்பினா போதும்னு எழுதியிருக்காங்க.”

தடித்த வடிகட்டிக் காகிதத்தில் நான்கு வட்டம். ஒரு வட்டத்துக்கு ஒரு துளி. துளி தானாக ஊறிப் பின்பக்கம் வரை இறங்க வேண்டும். இரண்டாம் துளியை மேலே வைக்கக் கூடாது, விரலால் தொடக் கூடாது, வெயிலில் வைக்கக் கூடாது. மூன்று நான்கு மணி நேரத்தில் காயும் என்று எழுதியிருந்தார்கள். அவர்கள் கடற்கரையில் மழைக்காலம் பார்த்ததில்லை போலிருக்கிறது. எனக்கு ஒன்பது மணி நேரம் ஆனது. மூன்று அட்டை, பன்னிரண்டு வட்டம்.

குப்புவின் குதிகாலை அன்று நான் குத்தியபோது பாலாடை இல்லை. “நீங்க புடிச்சிக்குங்க,” என்று செல்வராணியிடம் சொன்னேன். அவள் மார்போடு அணைத்துப் பால் கொடுத்தாள். குழந்தை குடித்துக்கொண்டே ஒரு தரம் சிணுங்கியது. நான்கு துளி விழுந்தது. இருபது ஆண்டுகளுக்கு மேலாக இது எனக்குத் தோன்றவில்லை.

அட்டைகளைக் கொண்டுபோனவர் டாக்டரின் பக்கத்து வீட்டுக்காரர், பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து பென்ஷன் வாங்கும் முசே ரொபேர். ‘முசே’ என்றால் பிரெஞ்சில் ‘ஐயா’. மகளைப் பார்க்க பாரீசுக்குப் போகிறவர். உறையை நான்தான் அவர் வீட்டில் கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார்.

“உள்ள என்னாப்பா?”

“ரத்தம் காஞ்ச காகிதம் முசே.”

“துவான்காரன் கேட்டா நான் இதத்தான் சொல்லணுமா? ரத்தக் காயிதம் எடுத்தாரேன்னு? எழுவத்தோரு வயசுல என்னைக் கொண்டுபோயி உள்ள வச்சிடுவான்.” துவான் என்றால் பிரெஞ்சில் சுங்கம்.

“அம்மா பிரெஞ்சுல கடுதாசி எழுதி உள்ள வச்சிருக்காங்க.”

“அப்ப சரி. பிலோமின் எழுதினா துவான்காரனே சல்யூட் அடிப்பான்.” உறையை ஜெபப் புத்தகத்துக்குள் வைத்தார். “மடங்கக் கூடாது முசே” என்று நான் மூன்று முறை சொன்னேன். நான்காம் முறை சொல்ல வாயெடுத்ததும் கதவைச் சாத்திவிட்டார்.

பதில் வரும்வரை குழந்தையை அனுப்பமாட்டேன் என்று டாக்டர் பிலோமின் சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு நாள். பச்சையம்மாள் வாரம் ஒருமுறை வந்து, எப்போது அனுப்புவீர்கள் என்று கேட்டுவிட்டுப் போவாள். நான் அந்த நாட்களில் ஒரு மதியம் பழைய பதிவேடுகளை இறக்கினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முந்தையது. செல்வராணி என்று தாய் பெயர் போட்டு, ஆண் குழந்தை, ஏழு மாதம். சிறுநீர் இரண்டு முறை வந்திருக்கிறது. இரண்டிலும் என் கையெழுத்து. சர்க்கரை: இல்லை. சர்க்கரை: இல்லை.

டாக்டரிடம் காட்டினேன். “அன்னிக்கு வார்டுக்குப் பொறுப்பு நான்,” என்றார். “ரிப்போர்ட் வரட்டும். நான் சொல்றேன். நீங்க சொல்ல வேணாம்.”

ரிப்போர்ட் தபாலில் வந்தது, ஐந்து பக்கம். அந்த மரபணுவில் ஆயிரத்துச் சொச்சம் எழுத்து. அவர்கள் மொத்தமும் படித்திருந்தார்கள். ஒரு பக்கத்தில் நான்கு நிறத்தில் மலைத்தொடர் போலக் கோடு. ஒவ்வொரு சிகரமும் ஒரு எழுத்து. மூவருடையதும் ஒன்றின்கீழ் ஒன்றாக இருந்தன. ஓர் இடத்தில் மட்டும் பென்சிலால் அம்புக்குறி.

டாக்டர் செல்வராணி, ஏழுமலை, பச்சையம்மாள் மூவரையும் அறைக்குக் கூப்பிட்டார். நான் கதவருகே நின்றேன். அவர் தாளைச் செல்வராணியின் பக்கம் திருப்பி வைத்தார்.

“இது உங்களோடது. இந்த இடத்துல பாருங்க, ரெண்டு மலை ஒண்ணுமேல ஒண்ணு இருக்குது. ஒண்ணு சரியான எழுத்து, ஒண்ணு தப்பான எழுத்து. சரியானது ஒண்ணு இருந்தா போதும், உடம்பு சமாளிச்சிக்கும். இது ஏழுமலையோடது. அவருக்கும் அதே மாதிரி ரெண்டு. இது குழந்தையோடது. ஒரே மலை. ரெண்டு பேர்கிட்ட இருந்தும் தப்பான எழுத்தே வந்து சேந்துடுச்சு.”

பச்சையம்மாள் குனிந்து பார்த்தாள். “ரெண்டு பேருக்கும் எப்படிம்மா ஒரே எடத்துல?”

“சொந்தத்துல கட்டினா அப்படி வரலாம். யார்கிட்ட இருந்து வந்துதுன்னு நான் தேடப் போறதில்ல. யார் தப்பும் இல்ல. பால்ல தப்பே இல்ல. இத்தன நாளு இவளக் காப்பாத்தினதே அதுதான்.”

பச்சையம்மாள் கணக்குப் போட்டுவிட்டாள். அவளுக்குப் படிப்பு இல்லை, ஆனால் உறவு தெரியும். “எந் தம்பி பொண்ணு இவ. இவன் எம் புள்ள,” என்றாள் மெதுவாக. “அப்ப எங்க வூட்டு ரத்தந்தான்.” மருமகளின் மடியில் இருந்த குழந்தையின் காலைத் தொட்டுவிட்டு எழுந்து வெளியே போனாள். தேன் பேச்சு பிறகு வரவில்லை.

பிறகு டாக்டர் முதல் பிள்ளையைப் பற்றிச் சொன்னார். அவனுக்கும் இதுவாகத்தான் இருந்திருக்கும், அன்று நாங்கள் கண்டுபிடிக்கவில்லை, வார்டுக்குப் பொறுப்பு நான் என்று நேராகச் சொன்னார். செல்வராணி அழவில்லை. தாளையே பார்த்துக்கொண்டு சொன்னாள்:

“அவனுக்குத் தேன்னா ஆவாது, துப்புவான். நான்தான் வெரல்ல தொட்டுத் தொட்டு நாக்குல வச்சேன். புள்ள எளச்சிட்டான்னு பழம் பெசஞ்சி ஊட்டனேன். வாய மூடிக்குவான். மூக்கைப் புடிச்சி ஊட்டனேன்.”

டாக்டர் சொல்ல வேண்டாம் என்றிருந்தார். இருபத்தைந்து ஆண்டுகளில் அவர் சொல்லை நான் மீறியது அந்த ஒருமுறைதான்.

“அவன் சிறுநீர் ரெண்டு தடவ எங்கிட்ட வந்துதும்மா,” என்றேன். “ரெண்டு தடவையும் சர்க்கரை இல்லைன்னு எழுதினேன். இருந்திருக்கும். நான் சரியாப் பாக்கல. இவளுக்கும் நான் தொண்டையத் தடவி பதினெட்டு தடவ குடுத்தேன். இவளும் மூஞ்சியத் திருப்பினா.”

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். கோபமாகப் பார்ப்பாள் என்று காத்திருந்தேன். “அப்ப நாம ரெண்டு பேருமேதான் சார்,” என்றாள். பிறகுதான் அழுதாள். ஏழுமலை குழந்தையை வாங்கிக்கொண்டான்.

டாக்டர் பிலோமின் அன்று மாலை என் பாட்டிலைக் கழுவித் திருப்பிக் கொடுத்தார். மறுநாள் அந்தத் தாளை எழுதி அவரிடம் காட்டினேன். ஒரு இடத்தில் மட்டும் பென்சிலால் திருத்தி, “பியேன்” என்றார். அதுதான் சுவரில் ஒட்டியிருக்கும் தாள்.

இனி ஒரே ஒரு நாள். நான் ஓய்வு பெற்ற நாள். எழுபத்திரண்டு பொட்டலம் வாங்கியிருந்தேன், ஆளுக்கு ஒரு ஜாங்கிரி, கொஞ்சம் மிக்சர். செல்வராணி வருவதாகச் சொல்லியிருந்ததால் குழந்தைக்குத் தனியாக ஒரு உப்பு பிஸ்கட் பாக்கெட்டும் வாங்கிப் பையின் அடியில் வைத்திருந்தேன்.

மூன்றரை மணிக்குத் தாயும் மகளும் வந்தார்கள். வீட்டில் இன்னும் குப்புதான், பள்ளியில் யாழினி. நாலரை வயது, சீருடை, நல்ல கன்னம். உனக்கு நினைவிருக்கும் ஜெயந்தி, நீதான் விவரம் தெரியாமல் ஜாங்கிரியை நீட்டினாய். அவள் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அதே பக்கம், அதே திருப்பல்.

“எனக்கு ஆவாது,” என்றாள்.

“அவளுக்குத் தனியா வச்சிருக்கேன்,” என்று சொல்லி பிஸ்கட்டை எடுத்துக் கொடுத்தேன். செல்வராணி வாங்கி, பாக்கெட்டைப் பின்பக்கம் திருப்பினாள். எட்டாவது வரை படித்தவள். டாக்டர் பிலோமின் ஒரு தாளில் ஆகாத சர்க்கரைகளின் ஒன்பது ஆங்கிலப் பெயர்களை எழுதிக் கொடுத்திருந்தார். அவற்றைப் படம் பார்ப்பதுபோல் மனப்பாடம் செய்திருந்தாள். அவள் விரல் பொடி எழுத்தின்மேல் மெதுவாக நகர்ந்தது. மூன்றாம் வரியில் நின்றது.

“சார், இதுல இருக்குது.”

“உப்பு பிஸ்கட்டும்மா அது.”

“உப்பு பிஸ்கட்லயும் போடறாங்க சார். இது வரைக்கும் பதினேழு தினுசு பாத்துட்டேன். ரெண்டுலதான் இல்ல.”

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தேன். இருந்தது. முப்பத்தாறு ஆண்டு வேலை பார்த்துவிட்டு, கடைசி நாளிலும் பெட்டியின் மேல் எழுதியிருந்ததைப் படிக்காமலே ‘சர்க்கரை இல்லை’ என்று சொல்லியிருக்கிறேன்.

செல்வராணி ஒன்றும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. “வுடுங்க சார். அதான் நான் பாத்துட்டேனே,” என்று பாக்கெட்டை என் மேசைமேல் வைத்துவிட்டு, பையிலிருந்து டிபன் டப்பாவைத் திறந்து மகளுக்கு ஒரு முறுக்கு எடுத்துக் கொடுத்தாள். அவள் அதை உடைத்து, பெரிய பாதியை வைத்துக்கொண்டு சின்ன பாதியை என்னிடம் நீட்டினாள். சத்தமாகக் கடித்துத் தின்றாள். நானும் தின்றேன்.

ஆகவே ஜெயந்தி, தாளைக் கிழிக்க வேண்டாம். புது டாக்டர் சொல்வது சரிதான். நூறு குழந்தைக்கு அது நல்லதுதான். அவரிடம் இதைப் படிக்கக் கொடு. தாளின் அடியில் ஒரு விரற்கடை இடம் இருக்கும். அங்கே இன்னொரு வரி எழுத வேண்டும்: குழந்தை முகத்தைத் திருப்பினால் நிறுத்து. வியாழக்கிழமை பத்து மணிக்கு நானே வந்து எழுதுகிறேன். கறுப்புப் பேனா எடுத்து வை, நீலம் மங்கிவிடும்.